மழையில கோல்ஃப் ஆட என்னென்ன ரெடி பண்ணணும்? ஜூலைல ஊட்டி போறோம், தெரிஞ்சவங்க வாங்க

மவுண்ட்ரோடு_மணி:
வணக்கம் மக்களே. நாங்க நாலு பேர் ஜூலை மூணாவது வாரம் ஊட்டி போறோம், ஜிம்கானா கோர்ஸ்ல ஆடலாம்னு பிளான், ரூம் போட்டாச்சு லீவும் சொல்லியாச்சு, அதுக்கப்புறம்தான் எங்க குரூப்புல ஒரு புண்ணியவான் கேக்குறான், டேய் ஜூலைல அங்க விடாம தூறுமேடான்னு. நான் ஆடறதெல்லாம் சென்னைலதான், இங்க மழைன்னா ஐப்பசி கார்த்திகைல ஒரேடியா கொட்டும், கொட்டுனா நாங்க பஜ்ஜி தின்னுட்டு கலைஞ்சிருவோம், மழைக்குள்ள நின்னு ஆடிப் பழக்கமே இல்ல. ஹேண்டிகேப் 22, அதாவது நான் ஒரு சுமாரான ஆட்டக்காரன். என்ன வாங்கணும், எதுல காசை வேஸ்ட் பண்ணக்கூடாது, ஆட்டத்துல என்ன மாத்தணும், சொல்லுங்க. ட்ரிப்பை கேன்சல் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க, வீட்ல சண்டை போட்டு வாங்குன லீவு.

18ஆம்_ஓட்டை:
ட்ரிப்பை கேன்சல் பண்ணு.

கிளாஸ்கோ_டாக்டர்:
மேல இருக்கறவர கண்டுக்காதீங்க மணி. நான் ஸ்காட்லாந்துல இருக்கேன், இங்க மழைக்குப் பயந்தா பேக்கை வித்துட்டு கேரம் போர்டுதான் வாங்கணும்.

மொத செலவு கிளவ்ல போடுங்க. ஜாக்கெட், குடை, ஷூ எல்லாம் அப்புறம். நீங்க போடற தோல் கிளவ் நனைஞ்சா கையில மீன் பிடிச்ச மாதிரி ஆயிடும், நீங்க அறியாமலே இறுக்கிப் பிடிப்பீங்க, இறுக்கினா மணிக்கட்டு கட்டிப்போயிடும், அதோட ஸ்விங், அதான் மட்டையை வீசற வீச்சு, காலி. மழைக்குன்னே ரெயின் கிளவ் வருது, ஃபுட்ஜாய்ல இருக்கு, மேக்வெட்ல இருக்கு, பெரும்பாலும் ஜோடியாதான் விப்பாங்க, ரெண்டு கைக்கும் போடணும், நனைய நனையத்தான் பிடிப்பு ஏறும். மொத டீலயே, அதான் ஆட்டம் தொடங்கற இடத்துலயே, தண்ணில நனைச்சுட்டு ஆரம்பிக்கறவங்களும் இருக்காங்க. உங்க க்ளப்ல, அதான் அடிக்கற மட்டைல, இருக்கற கிரிப் (கைப்பிடி உறை) பழசாகி பளபளன்னு இருந்தா போறதுக்கு முன்னாடி மாத்திடுங்க, நூல் கலந்த கார்டு கிரிப் ஈரத்துல ரொம்ப உதவும், கை கொஞ்சம் காய்க்கும் அவ்ளோதான்.

ஜாக்கெட் வாங்கும்போது வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருந்தா கடைலயே வச்சுட்டு வந்துடுங்க. அது தூறல் அரை மணி நேரம் தாங்கும். வாட்டர்ப்ரூஃப்னு இருக்கணும், உள்பக்கம் திருப்பிப் பாருங்க, ஒவ்வொரு தையல் மேலயும் டேப் ஒட்டியிருக்கணும், தண்ணி துணி வழியா வர்றத விட தையல் ஓட்டை வழியாதான் வரும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதற ரைடர் கப் 2010ல வேல்ஸ்ல செல்டிக் மேனர்ல நடந்துச்சே, மொத நாளே அடிச்ச மழைல அமெரிக்க டீமுக்குக் குடுத்த ரெயின் சூட் ஒழுகி, கடைசில ரசிகர்களுக்கு விக்கற கடைல போய் வேற ஜாக்கெட் வாங்கிப் போட்டு ஆடுனாங்க. ஆட்டம் ஏழு மணி நேரத்துக்கு மேல நின்னு, ரைடர் கப் வரலாற்றுலயே மொத தடவையா திங்கக்கிழமைக்குப் போச்சு, ஒரே பாயின்ட்டு வித்தியாசத்துல கப்பை ஐரோப்பா தூக்கிடுச்சுன்னு வைங்க. அவங்களுக்கே அந்த கதின்னா நம்ம ஊர் ஸ்கூட்டர் ரெயின்கோட்டை நெனச்சுப் பாருங்க.

அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு கடைலயே ஒரு ஸ்விங் பண்ணிப் பாருங்க. தோள்ல பிடிச்சா வேண்டாம். சரசரன்னு சத்தம் வந்தாலும் வேண்டாம், பட்டிங் (குழிகிட்ட பந்தை மெல்ல உருட்டறது) பண்ணும்போது எரிச்சலா இருக்கும்.

மவுண்ட்ரோடு_மணி:
டாக்டர் சார் சூப்பர். குடை எப்படி? வீட்ல இருக்கற மடக்குக் குடை போதுமா?

கொழும்பு_குமரன்:
மணி அண்ணை, மடக்குக் குடை காத்துக்கு ஒரு ஹோல், அதான் ஒரு குழி விளையாடி முடிக்கிற மட்டும் கூடத் தாங்காது. ரெண்டு அடுக்குத் துணி வச்ச பெரிய கோல்ஃப் குடை வாங்குங்கோ, நடுவில இருக்கிற இடைவெளியால காத்து வெளிய போயிடும், குடை பிரளாது. நான் கொழும்பில விளையாடுறனான், றோயல் கொழும்பு கிளப், நடுவால களனிவெளி ரயில் பாதை போகுதே அந்த இடம்தான், இஞ்ச மழை வைகாசியிலயும் ஐப்பசியிலயும் சொல்லாமக் கொள்ளாம வரும். எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிற வேலை ஒண்டு இருக்கு, துவாயை பேக்குக்கு வெளியால தொங்க விடுறதில்லை, குடைக்கு உள்ள இருக்கிற கம்பியில கொழுவி விடுவினம். குடை விரிச்சிருக்கும் மட்டும் அது காஞ்சே இருக்கும். மற்ற துவாயள் ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள்ள. க்ளப் முகத்தைத் துடைக்க ஒரு ஊத்தைத் துவாய், கிரிப்பையும் கையையும் துடைக்க வேற ஒண்டு, ரெண்டையும் கலக்கக் கூடாது, சேறு கிரிப்பில ஏறினா சரி, அண்டைய விளையாட்டு முடிஞ்சுது.

கோவை_கோகிலா:
குமரன் சொன்ன டவல் விஷயத்துக்கு ஒரு கும்பிடு. இன்னும் ஒண்ணு சேத்துக்கறேன், க்ளப்பை பேக்ல இருந்து எடுக்கறது கடைசி வேலையா இருக்கணும். தூரம் பாத்து, எங்க அடிக்கணும்னு முடிவு பண்ணி, கை துடைச்சு, அப்புறம் க்ளப்பை உருவி உடனே அடிச்சுட்டு உள்ள போட்டுடணும். நம்மாளுங்க மழைல க்ளப்பைக் கைல வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் யோசிப்பாங்க, கிரிப்ல தண்ணி இறங்கிட்டே இருக்கும்.

வெலிங்டன்_தாத்தா:
மணி தம்பி, பட்டாளத்துல இருந்து ரிடையர் ஆகி குன்னூர் பக்கம் இருக்கேன், வெலிங்டன் கோர்ஸ்லதான் பொழுது போகுது, ஊட்டிலயும் ஆடுவேன். ஊட்டி ஜூலை மழைய சென்னை மழைன்னு நெனச்சுட்டு வராதீங்க. பெருமழை எல்லாம் மேக்க அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் இறங்கிடும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சது பேப்பர்லயே வந்துச்சு. ஊட்டி டவுனுக்கு மிச்சம்தான் வரும். அதாவது தூறல், மேக்காத்து, மூடுபனி, திரும்பத் தூறல். பகல்லயே 16, 17 டிகிரிதான் இருக்கும். நனைஞ்சா காயாது, அதான் அங்க பிரச்சனை. காட்டன் பனியன், ஜீன்ஸ் ரெண்டும் வீட்லயே இருக்கட்டும். உள்ள மெல்லிசா ஒரு கம்பளி இல்ல ட்ரைஃபிட் மாதிரி ஒண்ணு, மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல அந்த டாக்டர் தம்பி சொன்ன ஜாக்கெட். மாத்து சாக்ஸ் பேக்ல இருக்கணும், ஒம்பது ஹோல் முடிஞ்சதும் சாக்ஸ் மாத்துனா புது ஆளா ஆயிடுவீங்க, பாதி பேருக்கு இது தெரியறதில்ல.

மழைய விட மூடுபனிதான் அங்க பெரிய வில்லன். அடிச்ச பந்து எங்க போச்சுன்னே தெரியாது, ஓரமெல்லாம் மஞ்சப்பூ பூக்கற முள்ளுப்புதர், அதுக்குள்ள போன பந்தைத் தேடி கையைக் கிழிச்சுக்காதீங்க. ஒரு கேடிய, அதான் பேக் தூக்கற ஆளை, முன்னாடி அனுப்பி வைங்க. முன்னாடி குரூப் இருக்கறது கண்ணுக்குத் தெரியலேன்னா அடிக்கவே அடிக்காதீங்க.

கேடின்னதும் ஞாபகம் வருது, நீங்க நாலு பேரும் ஆயிரக்கணக்குல செலவு பண்ணி ரெயின் சூட் வாங்குவீங்க, பேக் தூக்கறவன் தலைல ஒரு யூரியா சாக்கைக் கவுத்துக்கிட்டு நடப்பான். நல்லதா ரெண்டு ரெயின்கோட் கூட எடுத்துட்டு வாங்க. கேடி கை விரைச்சுப்போயிட்டா உங்க கிரிப்பை யாரு துடைக்கறது.

மவுண்ட்ரோடு_மணி:
தாத்தா நீங்க தெய்வம். கேடிக்கு ரெயின்கோட், லிஸ்ட்ல எழுதிட்டேன். இப்ப ஆட்டத்துக்கு வருவோம், மழைல பந்து தூரம் கம்மியா போகும்னு எல்லாரும் சொல்றாங்க, எவ்ளோ கம்மி? எத்தனை க்ளப் ஏத்தி, அதாவது இன்னும் தூரம் போற மட்டையா, எடுக்கணும்?

18ஆம்_ஓட்டை:
ஈரக்காத்து கனமா இருக்கும் ப்ரோ, பந்து கிழிச்சுக்கிட்டுப் போக முடியாது. சிம்பிள் சயின்ஸ்.

கோவை_கோகிலா:
சிம்பிள் சயின்ஸ் தலைகீழா இருக்கு. ஈரக்காத்து காஞ்ச காத்தை விட லேசு. தண்ணி மூலக்கூறு எடை 18, நைட்ரஜன் 28, ஆக்ஸிஜன் 32, காத்துல ஆவி ஏறினா கனமானது வெளிய போய் லேசானது உள்ள வருது. வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், நம்ம ஆட்டத்துல தெரியாது. தூரம் குறையறதுக்குக் காரணம் வேற. குளிர்ந்த காத்து அடர்த்தி அதிகம், பந்தும் சில்லுன்னு ஆனா துள்ளாது, மூணு அடுக்கு துணி போட்டு ஸ்விங் சுருங்கிடும், எல்லாத்துக்கும் மேல பந்து விழுந்த இடத்துலயே உக்காந்துக்கும், உருளாது. சென்னைல காஞ்ச ஃபேர்வேல (கட்டையா வெட்டின புல் பாதைல) உருண்டு வர்ற தூரத்தை நம்பி ஆடறவங்களுக்குத்தான் அடி. ஊட்டி 7000 அடிக்கு மேல இருக்கறதால மலை கொஞ்சம் தூரம் குடுக்கும், குளிர் அதுல கொஞ்சத்தைப் பிடுங்கிக்கும். மொத ரெண்டு மூணு ஹோல்ல பாத்து நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க, யாரோ சொன்ன நம்பரை வச்சு ஆடாதீங்க.

நான் பண்றது என்னன்னா ஒரு க்ளப் ஏத்தி எடுத்து, கிரிப்பைக் கொஞ்சம் இறக்கிப் பிடிச்சு, முக்கால் ஸ்விங். கால் வழுக்காது, முக்கியமா பந்தை மொதல்ல தொடலாம். ஈரத் தரைல பந்துக்கு ஒரு இஞ்ச் பின்னாடி க்ளப் இறங்கினாலும் மண்ணுலயே புதைஞ்சுடும், காஞ்ச தரைல தப்பிச்ச அதே அடி இங்க பாதி தூரம் கூட போகாது. அதனால பந்தை ஒரு அரைப் பந்து அளவு பின்னாடி தள்ளி வச்சுக்கறேன். லாங் அயர்ன், அந்த நீளமான இரும்பு மட்டை எல்லாம் பேக்ல தூங்கட்டும், அதுக்குப் பதிலா எடுக்கற ஹைப்ரிட் மட்டை ஈரப் புல்லுல நல்லா வழுக்கிட்டுப் போகும்.

வெட்ஜ்ல, அதான் கிட்டக்க இருந்து தூக்கி அடிக்கற மட்டைல, இன்னொரு கூத்து இருக்கு. க்ளப் முகத்துக்கும் பந்துக்கும் நடுவுல தண்ணி மாட்டிக்கிட்டா உராய்வு குறையும், பந்து முகத்துல மேல வழுக்கி உயரமா, ஸ்பின் இல்லாம போகும். ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி முகத்தைத் துடைச்சுட்டு அடிங்க. கிரீன், அதான் குழியைச் சுத்தி இருக்கற வழவழப் புல்தரை, மெத்துன்னு இருக்கறதால ஸ்பின் இல்லேன்னாலும் நிக்கும், ஆனா தரையோட உருட்டி விடற சிப் வேலைக்காகாது, தண்ணி பிரேக் போட்டுரும், தூக்கித்தான் போடணும். பட்டிங்ல வளைவு கம்மியா எடுத்து தைரியமா அடிங்க, ஈர கிரீன்ல நம்ம எல்லாரும் ஷார்ட்தான் விடுவோம்.

பங்கர், அதான் மணல் பள்ளம், மறந்துட்டேன். ஈர மணல் இறுகிப்போய் தரை மாதிரி ஆயிருக்கும். சாண்ட் வெட்ஜ் முகத்தை ரொம்பத் திறந்து வச்சா மட்டையோட அடிப்பாகம் துள்ளி பந்தோட மண்டைல படும், பந்து நேரா கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம். முகத்தைத் திறக்காம, கொஞ்சம் மெதுவா, பந்துக்குப் பக்கத்துலயே இறக்குங்க.

18ஆம்_ஓட்டை:
டீச்சர் மன்னிச்சுக்கோங்க 🙏 இனிமே க்ளாஸ்ல பேச மாட்டேன்

ரூல்புக்_ரவி:
இன்னும் யாரும் ரூல்ஸ் பக்கம் வரலையா, நான் வந்துட்டேன். மழை நாள்ல ரூல் தெரிஞ்சவனுக்கு ரெண்டு மூணு ஸ்ட்ரோக் (அடி) சும்மா மிச்சமாகும்.

தேங்கின தண்ணிய முன்னாடி கேஷுவல் வாட்டர்னு சொல்வாங்க, 2019ல இருந்து ரூல் புக்ல டெம்ப்ரரி வாட்டர். பந்து அதுல கிடந்தாலோ, நீங்க நிக்கற இடத்துல தண்ணி இருந்தாலோ ஃப்ரீ ரிலீஃப், அதாவது பெனால்டி இல்லாம பந்தை நகர்த்தலாம், ரூல் 16.1. முழுசா தண்ணி இல்லாத மிகப் பக்கத்து இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்கருந்து ஒரு க்ளப் நீளத்துக்குள்ள, ஹோலுக்குக் கிட்ட போகாம, முழங்கால் உயரத்துல இருந்து பந்தைக் கீழ விடணும், அதான் ட்ராப். ஆனா தரை சும்மா சொதசொதன்னு இருந்தா போதாது, நீங்க சாதாரணமா நிக்கும்போதோ நிக்கறதுக்கு முன்னாடியோ தண்ணி கண்ணுக்குத் தெரியணும். காலை அழுத்தி அழுத்தி மிதிச்சு தண்ணிய வரவழைக்கற ஆளுங்களை எல்லா க்ளப்லயும் பாத்திருக்கேன், அது செல்லாது. பனித்துளியும் கணக்குல வராது.

பந்து தரைல தன்னோட குழிலயே புதைஞ்சுட்டா ரூல் 16.3, ஃபேர்வேயோ ரஃபோ (ஓரத்து நீளப் புல்) ரெண்டுலயும் ஃப்ரீ. பங்கர்ல புதைஞ்சா கிடையாது, விதின்னு ஆடணும். பங்கர்ல தண்ணி நின்னா பங்கருக்குள்ளயே தண்ணி இல்லாத இடமோ ஆழம் கம்மியான இடமோ பாத்து ஃப்ரீயா ட்ராப் பண்ணலாம், வெளில வரணும்னா ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி.

பந்துல சேறு ஒட்டியிருந்தா ஃபேர்வேல எடுத்துத் துடைக்க அனுமதி இல்ல, கமிட்டி பிரிஃபர்டு லைஸ்னு, பந்தை எடுத்துத் துடைச்சு வைக்க விடற லோக்கல் ரூல் போட்டிருந்தா ஒழிய. அதனால ஆட்டத்தைத் தொடங்கி வைக்கற ஸ்டார்ட்டர் கிட்ட மொதல்லயே கேட்டுக்கோங்க. கிரீன்ல எடுத்துத் துடைக்கலாம், ரிலீஃப் எடுக்கும்போதும் துடைக்கலாம்.

மவுண்ட்ரோடு_மணி:
சார் ரெண்டு டவுட். கிரீன்ல என் பந்துக்கும் ஹோலுக்கும் நடுவுல தண்ணி நின்னா டவலால ஒத்தி எடுத்துட்டு பட் பண்ணலாமா? அப்புறம் நான் அடிக்கும்போது கேடி பின்னாடி நின்னு குடை பிடிச்சா ஓகேவா?

ரூல்புக்_ரவி:
ரெண்டுக்கும் கூடாதுன்னுதான் பதில், ரெண்டும் ஜெனரல் பெனால்டி, அதாவது மொத்த அடியை எண்ற ஸ்ட்ரோக் ப்ளேல ரெண்டு ஸ்ட்ரோக். தண்ணிய ஒத்தி எடுக்கறது பந்து போற லைனை இம்ப்ரூவ் பண்ற மாதிரி, ரூல் 8.1 தடுக்குது. ஹோல் தொடங்கற டீ இடத்துல மட்டும் தண்ணிய ஒதுக்கலாம். ஆனா பந்து கிரீன்ல இருந்து லைன்ல தண்ணி நின்னா பந்தை எடுத்து தண்ணி குறுக்க வராத பக்கத்து இடத்துல வச்சு ஆடலாம், ஃப்ரீ. பந்து கிரீனுக்கு ஒரு அடி வெளில இருந்தா அந்த சலுகை இல்ல, தண்ணி மேலதான் அடிக்கணும்.

குடை விஷயம் 10.2. நீங்க அடிக்கற நேரத்துல இன்னொருத்தர் உங்களுக்கு மழை படாம காக்கறது தப்பு. அடிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் கேடி பிடிக்கலாம், அடிக்கும்போது நகர்ந்துடணும். நீங்களே ஒரு கைல குடை பிடிச்சுக்கிட்டு இன்னொரு கைல தட்டினா அது ரூல்ல தப்பே இல்ல.

கொழும்பு_குமரன்:
ரவி அண்ணை, நண்பர்கள் சும்மா விளையாடேக்க இவ்வளவு இறுக்கம் வேணுமோ? நாலு பேர் சுத்துலா வந்த இடத்தில கேடி குடை பிடிச்சா வானமா இடிஞ்சு விழப்போகுது?

ரூல்புக்_ரவி:
பந்தயம் இல்லேன்னா பிடிச்சுக்கோங்க குமரன், நான் போலீஸ் இல்ல. ஆனா மணியோட குரூப்பை எனக்குத் தெரியாது, டின்னர் பில் யாருதுன்னு பந்தயம் வச்சிருப்பாங்க, அப்ப 17ஆவது ஹோல்ல வர்ற சண்டைய நான் நிறையப் பாத்துட்டேன்.

மவுண்ட்ரோடு_மணி:
டின்னர் பில்தான் சார் 😀 எப்படி கண்டுபிடிச்சீங்க

சிலேத்தார்_செல்வம்:
எல்லாரும் மழையப் பத்தியே பேசறீங்க, இடியப் பத்தி யாரும் வாயத் திறக்கல. சிங்கப்பூர்ல இருக்கேன், வருஷத்துல பாதி நாளுக்குக் கொஞ்சம் கம்மியா இடி இடிக்கற ஊரு இது, இங்க மழை பெய்ஞ்சா ஆடுவோம், சைரன் அடிச்சா அப்படியே விட்டுட்டு ஓடுவோம். நீளமா ஒரே ஊதல்னா உடனே நிறுத்தணும், ரெண்டடி பட் பாக்கி இருந்தாலும் அடிக்கக்கூடாது. மூணு ஊதல்னா சாதாரண நிறுத்தம், ஆரம்பிச்ச ஹோலை முடிக்கலாம். ரெண்டு சின்ன ஊதல்னா திரும்ப ஆடலாம். 2011ல இங்க செந்தோசால நடந்த சிங்கப்பூர் ஓப்பனையே இடி மழைக்காக 54 ஹோலா சுருக்கினாங்க.

நம்ம ஊர்ல எல்லா கோர்ஸ்லயும் சைரன் எதிர்பாக்க முடியாது, அதனால காதுதான் சைரன். மின்னல் பாத்து 30 எண்றதுக்குள்ள இடி கேட்டா கிளம்புங்க, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் திரும்ப இறங்கணும். இடி பயம் நியாயமா இருந்தா யார் சொல்லாமலும் நீங்களா ஆட்டத்தை நிறுத்தலாம், ரூலே விடுது. சும்மா மழைக்கு அது கிடையாது. தனி மரத்தடி, திறந்த கோல்ஃப் கார்ட், நாலு தூண் வச்ச கொட்டகை எதையும் நம்பாதீங்க, கட்டடத்துக்குள்ளயோ காருக்குள்ளயோ போங்க. குடைய மடக்குங்க.

1975ல சிகாகோ கிட்ட வெஸ்டர்ன் ஓப்பன்ல லீ ட்ரெவினோ, ஜெர்ரி ஹெர்ட், பாபி நிக்கல்ஸ் மூணு பேரையும் மின்னல் தாக்குச்சு, ட்ரெவினோவுக்கு முதுகுல ஆபரேஷன் வரைக்கும் போச்சு. 1991ல யுஎஸ் ஓப்பன்ல ஒரு பார்வையாளர், அதே வருஷம் பிஜிஏ சாம்பியன்ஷிப்ல இன்னொருத்தர், ரெண்டு பேரும் மின்னல்ல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் இந்த சைரன் விஷயத்துல பெரிய போட்டிக்காரங்க உஷாரானாங்க.

18ஆம்_ஓட்டை:
அந்த ட்ரெவினோதானே அப்புறம் ஜோக் அடிச்சாரு, மின்னல் வந்தா 1 அயர்னைத் தூக்கிப் பிடிங்க, கடவுளாலயே 1 அயர்னை ஒழுங்கா அடிக்க முடியாதுன்னு. மணி பேக்ல 1 அயர்ன் இருக்கா?

வெலிங்டன்_தாத்தா:
செல்வம் தம்பி சொன்னதை அப்படியே வழிமொழியறேன். ஊட்டில ஜூலைத் தூறலோட இடி அவ்வளவா வராது, சித்திரை வைகாசிலயும் ஐப்பசிலயும்தான் மத்தியானத்துக்கு மேல உருட்டும். அதுக்காக அசால்ட்டா இருக்காதீங்க, மலை மேல திறந்த புல்வெளில நாமதான் உசரம்.

இன்னொண்ணு, ரவி மாதிரி ரூல் இல்ல, மரியாதை சம்பந்தப்பட்டது. ஈரத்துல கோர்ஸ் சீக்கிரம் கெட்டுப்போகும். கிரீன்ல பந்து விழுந்த பள்ளம் ஒவ்வொண்ணும் கட்டைவிரல் ஆழம் இருக்கும், உங்களுது மட்டும் இல்லாம பக்கத்துல இருக்கறதையும் சரிபண்ணுங்க. ட்ராலிய கிரீன் ஓரத்துக்கு இழுத்துட்டு வராதீங்க. ஊழியர்கள் இன்னைக்கு மூடிட்டோம்னு சொன்னா, சென்னைல இருந்து வந்தோம் சார்னு கெஞ்சிக்கிட்டு நிக்காதீங்க, அவங்க அந்தப் புல்லை வருஷம் பூரா காப்பாத்தணும்.

கோவை_கோகிலா:
கெஞ்சறது நம்ம தேசிய விளையாட்டு தாத்தா, கோல்ஃப் அதுக்கப்புறம்தான். நாங்க செட்டிப்பாளையத்துல ஆடறவங்க, பாலக்காட்டுக் கணவாய் காத்துல பாதி மழை தூறலாத்தான் வரும், அதுக்கே இத்தனை பேர் கெஞ்சறாங்க.

கிளாஸ்கோ_டாக்டர்:
மணி, டாக்டரா ஒண்ணு சொல்லிக்கறேன். நாலு பேர்ல யாராவது நடுங்க ஆரம்பிச்சு, பேச்சு குழறி, ஸ்கோர் எழுத முடியாம விரல் தடுமாறுனா ஆட்டத்தை அங்கயே விட்டுட்டு உள்ள கூட்டிட்டுப் போங்க. 15 டிகிரி பெரிய குளிரான்னு கேப்பீங்க, ஈரத் துணியும் காத்தும் சேந்தா உடம்புச் சூடு வேகமா இறங்கும். ஃபிளாஸ்க்ல சூடா டீயோ சுக்குக்காப்பியோ எடுத்துட்டுப் போங்க. பிராந்தி உடம்பைச் சூடாக்கும்னு யாராவது பாட்டிலைத் தூக்குனா விடாதீங்க, அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி சூட்டை வெளியேத்தும், கதகதன்னு இருக்கற மாதிரி தோணும் அவ்ளோதான்.

ஸ்கோரைப் பத்திக் கவலைப்படாதீங்க. டைகர் உட்ஸே 2002ல மியூர்ஃபீல்டு ஓப்பன்ல சனிக்கிழமை மழையும் காத்தும் அடிச்சப்ப 81 அடிச்சாரு, அவருக்கு அது படுமோசம்.

மவுண்ட்ரோடு_மணி:
81 எனக்கு வந்தா கோயிலுக்கு மொட்டை போடுவேன் டாக்டர். சரி, கிளவ் ஆர்டர் பண்ணிட்டேன், ரெண்டு ஜோடி. குடையும் சொல்லியாச்சு. ஆட்டம் முடிஞ்சு ரூமுக்கு வந்தப்புறம் இதையெல்லாம் எப்படிக் காயவைக்கறது, ஊட்டில வெயிலே வராதுன்றீங்க, அடுத்த நாளும் ஆடணுமே.

வெலிங்டன்_தாத்தா:
ஷூக்குள்ள நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணிங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துங்க, ஹீட்டர் முன்னாடி வைக்காதீங்க, தோல் வெடிச்சுடும் இல்ல பசை விட்டுடும். க்ளப்பை பேக்ல இருந்து வெளிய எடுத்து ஒவ்வொண்ணாத் துடைச்சு சுவத்துல சாச்சு வைங்க, தலைக்கவரை மாட்டி வச்சா உள்ள ஈரம் பூட்டிக்கும், வெட்ஜ் முகம் காலைல பழுப்பா இருக்கும். பேக்கைக் கவுத்து எல்லா ஜிப்பையும் திறந்து விடுங்க. குடைய மடக்காம விரிச்சே வைங்க. ஜாக்கெட்டை சோப்புப் பவுடர் போட்டுத் துவைக்க வேண்டாம், தண்ணி தட்டற பூச்சு போயிடும், சும்மா அலசி ஹேங்கர்ல மாட்டுங்க. ரூம்ல ஃபேன் இருக்கான்னு புக் பண்ற இடத்துல கேட்டு வச்சுக்கோங்க, ஊட்டில பல ரூம்ல ஃபேனே இருக்காது.

மவுண்ட்ரோடு_மணி:
ஃபேன் இல்லையாம் தாத்தா, இப்பதான் போன் போட்டுக் கேட்டேன். டேபிள் ஃபேன் ஒண்ணு கார் டிக்கில போட்டுக்கறோம்.

18ஆம்_ஓட்டை:
ஜூலைல ஊட்டிக்கு ஃபேன் தூக்கிட்டுப் போற மொத ஆளு நீதான்யா